அளந்து அறியும் எண்: மலையக ஆரம்ப வகுப்புகளின் கணிதம்

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் தரம் ஒன்று முதல் ஐந்து வரை கணிதம் படிப்பிக்கிற ஆசிரியர்களும், அங்கே படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரும் இங்கே கூடியிருக்கிறீர்கள். ஆகவே சுற்றிவளைக்காமல் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் எண்ணைப் பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே படிப்பிக்கிறோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது, கூட்டுவது, கழிப்பது, வாய்ப்பாடு ஒப்புவிப்பது எல்லாம் முடிந்த பிறகு நீளம், திணிவு, கொள்ளளவு என்று அளவைக்கு ஓர் அலகு வருகிறது. அதையும் பல வகுப்புகளில் கரும்பலகையோடு முடித்துவிடுகிறோம். 100 சென்ரிமீற்றர் 1 மீற்றர், 1000 கிராம் 1 கிலோகிராம் என்று எழுதிப்போட்டால் பிள்ளை கொப்பியில் எழுதிக்கொள்கிறது. தராசு பாடப்புத்தகத்தில் படமாக இருக்கிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறேன். எண் என்றால் என்னவென்று பிள்ளைக்கு விளங்குவது அளக்கும்போதுதான். அதனால் அளத்தல் முதலாம் தரத்தின் முதல் மாதத்திலேயே தொடங்கி, ஐந்தாம் தரம் வரை எண்ணோடு சேர்ந்தே வளர வேண்டும். இது எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னும் அவசரமாகப் பொருந்தும். அதன் வீட்டு வருமானம் ஒவ்வொரு நாளும் ஒரு தராசின் முன்தான் முடிவாகிறது.

எண்ணுணர்வு என்று கல்வியியலார் எதைச் சொல்கிறார்கள்? 398-ஐயும் 403-ஐயும் கூட்டச் சொன்னால், ஒரு பிள்ளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி 801 என்று சரியாக முடிக்கலாம். இன்னொரு பிள்ளை ஒன்றாம் இடத்தில் வந்த 11-ஐ அப்படியே எழுதி, பக்கத்தில் 9, அதற்குப் பக்கத்தில் 7 என்று வைத்து 7911 என்று எழுதலாம். இந்தத் தவறு எல்லா வகுப்பிலும் வருவதுதான், அதைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை. எழுதிய விடையைப் பார்த்துப் பிள்ளை திடுக்கிடுகிறதா என்பதே நான் கேட்கிற கேள்வி. நானூறுக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் சேர்ந்தால் எண்ணூறுக்குப் பக்கத்தில்தான் வரும் என்று உள்ளே ஒரு கணிப்பு இருக்கிற பிள்ளை திடுக்கிடும், அழித்து எழுதும். அந்தக் கணிப்பு இல்லாத பிள்ளைக்கு 801-உம் 7911-உம் ஒன்றுதான். ரொபர்ட் சீக்லர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதிக்க எளிய வழி ஒன்றைக் கையாண்டார்கள். வெறும் கோடு ஒன்று; ஒரு முனையில் 0, மறு முனையில் 100. ஓர் எண்ணைச் சொல்லி, அது கோட்டில் எங்கே வரும் என்று குறிக்கச் சொல்வார்கள். சிறு பிள்ளைகள் சிறிய எண்களை அகலப் பரப்பி, பெரிய எண்களையெல்லாம் கடைசியில் நெருக்கிவைக்கிறார்கள். வளர வளர இடைவெளிகள் சமமாகின்றன. கோட்டில் சரியாகக் குறிக்கிற பிள்ளைகள் மற்றக் கணிதத்திலும் பொதுவாக முன்னுக்கு நிற்கிறார்கள். கவனியுங்கள்: 60 எங்கே வரும் என்று கண்டுபிடிக்க யாரும் அறுபது தடவை எண்ணுவதில்லை. முழு நீளத்தோடு ஒப்பிட்டு, பாதியைத் தாண்டிக் கொஞ்சம் என்று பார்க்கிறோம். இது அளக்கிற கண்தான். நம் மாவட்டத்திலேயே இதற்கு அருமையான கோடு ஒன்று இருக்கிறது. கடல்மட்டத்தை 0 என்றும், பீதுருதலாகலையின் 2524 மீற்றரை மேல்முனை என்றும் சுவரில் நெடுக்காக ஒரு கோடு கிழியுங்கள். ஏறத்தாழ 1270 மீற்றரில் இருக்கும் ஹட்டன் சரிபாதியில் வந்து உட்காரும். 1868 மீற்றரில் நுவரெலியா முக்கால் பங்கை ஒட்டி நிற்கும். 2243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலை அதற்கும் மேலே. நான்கிலக்க எண்ணின் இடப்பெறுமானத்தை ஒரு பருவம் முழுக்க விளக்குவதைவிட இந்தக் கோடு கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கும்.

அளவையைத் தள்ளிவைப்பதால் எண்ணே எப்படிக் குறைபடுகிறது என்பதற்கு அடிமட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பென்சிலின் அடியை 2 என்ற கோட்டிலும் கூரை 9 என்ற கோட்டிலும் வைத்து நீளம் எவ்வளவு என்று மூன்றாம், நான்காம் தரத்தில் கேளுங்கள். மூன்று விதமான விடைகள் வரும். சில பிள்ளைகள் 9 என்பார்கள்; முடிவில் இருக்கிற எண்ணை வாசிப்பதே அளப்பது என்று படித்துவைத்திருக்கிறார்கள். சில பிள்ளைகள் 2, 3, 4 என்று 9 வரை கோடுகளைத் தொட்டு எண்ணி 8 என்பார்கள். 7 என்கிற பிள்ளைதான் கோடுகளை விட்டுவிட்டு, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை எண்ணிய பிள்ளை. பல நாடுகளில் ஆய்வாளர்கள் இதே தவறுகளைப் பதிவுசெய்திருக்கிறார்கள், ஆகவே இது நம் பிள்ளைகளின் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். அடிமட்டத்தைக் கொடுத்தோம், அது எப்படி உண்டானது என்று காட்டவில்லை. ஒரு கடதாசிக் கீற்றை எடுத்து, ஒரே அளவான துண்டுகளை முனையோடு முனை வைத்து, ஒவ்வொரு துண்டும் முடிகிற இடத்தில் பிள்ளையே கோடு போட்டு, தன் அடிமட்டத்தைத் தானே செய்திருந்தால், 0 எதற்காக இருக்கிறது என்று அதற்கு விளங்கியிருக்கும். இந்தக் குழப்பம் அடிமட்டத்தோடு நிற்பதும் இல்லை. 24 அடி நீளமான நிரையில் இரண்டடிக்கு ஒரு செடி வைத்தால் எத்தனை தேயிலைச் செடி வேண்டும் என்று கேட்டால், 24-ஐ 2-ஆல் வகுத்து 12 என்று முடிப்பவர் பெரியவர்களிலும் உண்டு. இடைவெளி 12, முதற் செடியையும் சேர்த்தால் செடி 13. வகுத்தல் பிழையில்லாமல் தெரிந்தும், எதை எண்ணுகிறோம் என்பது தெரியாமல் போகிறது.

இந்த வழியை முழுப் பாடத்திட்டமாகவே செய்துபார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1950-களின் இறுதியில் மாஸ்கோவின் 91-ஆம் இலக்கப் பாடசாலையில் எல்கோனின், தவீதவ் என்ற இரு உளவியலாளர்கள் முதல் வகுப்புக் கணிதத்தை எண்ணே இல்லாமல் தொடங்கினார்கள். பிள்ளைகள் இரண்டு கயிறுகளைப் பக்கத்தில் வைத்து எது நீளம் என்று பார்த்தார்கள். வெவ்வேறு வடிவப் பாத்திரங்களில் நீரை மாற்றி ஊற்றி எதில் கூட என்று பார்த்தார்கள். அடுத்து, பக்கத்தில் கொண்டுவர முடியாத இரண்டு பொருள்களை எப்படி ஒப்பிடுவது என்ற சிக்கலை ஆசிரியர் கொடுத்தார். நடுவே ஓர் அளவுகோல் வேண்டும் என்று பிள்ளைகளே கண்டார்கள். அந்த அளவுகோல் எத்தனை தடவை போகிறது என்பதைச் சொல்லவே எண் வந்தது. இப்படி வந்த எண்ணில் பின்னம் புதிராக நிற்பதில்லை. அளவுகோல் முழுதாகப் போகாமல் மிச்சம் விழுந்தால் அதைச் சொல்ல ஒரு வழி வேண்டும், அந்த வழிதான் பின்னம். சின்ன அளவுகோலால் அளந்தால் பெரிய எண் வரும், பெரிய அளவுகோலால் அளந்தால் சிறிய எண் வரும் என்பதும் கையால் தெரிந்த உண்மையாகிவிடுகிறது. பிற்காலத்தில் ஹவாய் பல்கலைக்கழகமும் இந்த முறையைத் தன் பரிசோதனைப் பாடசாலையில் எடுத்துச்செய்தது. தமிழருக்கும் இது முற்றிலும் புதிதில்லை. திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியில் நெல்லளவும் நிலவளவும் எண்ணோடு கலந்தே மனப்பாடமாகின. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்தவர்களில் பலரைச் சாதி அந்தத் திண்ணையில் ஏறவிடவில்லை. அவர்களுக்குக் கணக்கு என்பது எப்போதும் இன்னொருவர் கையில் இருந்த சுவடி.

மலைநாட்டுக்கு வந்த பிறகும் அது தொடர்ந்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867-இல். அதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே கங்காணிமுறை இருந்தது. வழிச்செலவு, முற்பணம், அரிசி என்று தொழிலாளியின் பெயரில் ஏறிய கடனைக் கங்காணி எழுதிவைத்தார். கடன்தொகை குறித்த துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டுமுறை 1921-இல் சட்டத்தால் ஒழிந்தது. அதுவரைக்கும், தன்னைக் கட்டிப்போட்ட தொகை சரியா என்று பார்க்க அந்த மனிதருக்கு வழியே இருக்கவில்லை. 1984 வரைக்கும் ஒரே நாள் வேலைக்குப் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம் என்பது கணக்கிலேயே எழுதப்பட்டிருந்தது. இன்றைக்குக் கொழுந்து எடுக்கிற பெண் பிரட்டுக்குப் போய், மலையில் நிரை பிடித்து, நாளில் இரண்டு மூன்று தடவை நிறுவைக்கு வருகிறாள். தோட்டத்துக்குத் தோட்டம் நோர்ம் மாறும். அத்தனை கிலோ எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், கூடினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு. படங்குக்கென்றும் மழைநாளில் ஈரத்துக்கென்றும் நிறையில் கழிக்கிறார்கள். நாட் சம்பளம் 2019-இல் 700 ரூபாவாகவும், 2021-இல் 1000 ரூபாவாகவும், 2024-இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தபோது ஒவ்வொரு தடவையும் நாடே பேசியது. அந்தச் சம்பளம் முழுதாகக் கைக்கு வருமா என்பதை முடிவுசெய்கிற கிலோக் கணக்கைப் பற்றி நாம் அவ்வளவு பேசுவதில்லை. முதுகில் இருக்கிற பாரம் ஏறத்தாழ இத்தனை கிலோ என்று நிறுக்கும் முன்னமே சொல்லக்கூடிய பெண், எழுதப்பட்ட எண்ணைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் கணிப்பு ஆரம்பப் பாடசாலையில் கிடைக்க வேண்டியது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தோட்டத்துப் பிள்ளைக்குத் தராசும் கிலோவும் வாழ்க்கையிலேயே பழகிவிடும், கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணுகிற பிள்ளைக்கு அதை வகுப்பில் ஏன் படிப்பிக்க வேண்டும் என்று கேட்கலாம். வாழ்க்கை தருகிற கணக்கு எவ்வளவு வலுவானது என்பதற்குப் பிரேசிலின் ரெசிஃபே நகரத்து ஆய்வு புகழ்பெற்ற சான்று. 1985-இல் வெளியான அந்த ஆய்வில், தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் விற்பனையின் நடுவிலேயே கணக்குக் கேட்டார்கள். 98 சதவீதம் சரியான விடை வந்தது. அதே கணக்குகளை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். 35 குரூசேரோ விலையில் பத்துத் தேங்காய் என்ன விலை என்றதற்கு ஒரு பையன் மூன்று தேங்காய் 105 என்று தொடங்கி, 210, 315 என்று ஏறி, கடைசி ஒன்றைச் சேர்த்து 350-இல் முடித்தான். பத்தால் பெருக்கினால் ஒரு சுழியம் சேர்த்தால் போதும் என்ற பள்ளி விதி அவனுடைய தெருவுக்கு வந்துசேரவில்லை. 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு இதை இந்தியாவில் இன்னும் பெரிய அளவில் காட்டியது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உட்பட்ட குழு கொல்கத்தா, டில்லிச் சந்தைகளில் வேலைசெய்கிற 1400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தது. சிக்கலான வியாபாரக் கணக்கை மனத்தில் போட்ட அதே பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறினார்கள். பாடசாலைக்கு மட்டும் போகிற பிள்ளைகளோ எழுத்துக் கணக்கில் முன்னின்று, சந்தைக் கணக்கில் மிகச் சிலரே தேறினார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் மறுபக்கத்துக்குத் தானாக வழி திறக்கவில்லை. ஆகவே வாழ்க்கை படிப்பித்துவிடும் என்று விட்டுவிடுவதும் தவறு, எழுத்துக் கணக்கு வந்தால் வாழ்க்கைக் கணக்கு வந்துவிடும் என்று நம்புவதும் தவறு. இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, இதுதான் அது என்று காட்டுகிற வேலையை ஆசிரியர்தான் செய்ய முடியும்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. அதனால் நிரப்பிய ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் எந்த வகுப்பிலும் கிலோவுக்கு நல்ல உரைகல். போத்தலின் சொந்த நிறை அற்பம், சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. பிள்ளை அதை ஒரு கையிலும் புத்தகப்பையை மறு கையிலும் தூக்கி, பை எத்தனை கிலோ என்று முதலில் தன் கணிப்பைக் கொப்பியில் எழுத வேண்டும். எழுதாமல் நிறுக்கக் கூடாது. இந்த ஒழுங்கு மிக முக்கியம், ஏனென்றால் கணிப்பை எழுதாத பிள்ளை தராசு காட்டியதை வாசிக்கிறது, அவ்வளவுதான். கணிப்பை எழுதிய பிள்ளைக்கு இரண்டு எண்கள் கையில் இருக்கின்றன, வித்தியாசத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. நான்காம், ஐந்தாம் தரத்தில் ஒரு பை இலையை உலர்ந்தபடி நிறுத்து எழுதட்டும். அதையே நீரில் நனைத்து, நன்றாக உதறி, மறுபடி நிறுக்கட்டும். வெறும் பையைத் தனியாகவும் நிறுக்கட்டும். பை எவ்வளவு, ஈரம் எவ்வளவு, இலை எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்து எழுதினால், வீட்டில் சண்டையாகக் கேட்ட விஷயம் விடை உள்ள ஒரு கேள்வியாக மாறுகிறது. இதைத் தோட்டத்தில் பிணக்கு மூட்டுகிற பாடம் என்று நிர்வாகத்தினர் யாரும் எண்ண வேண்டாம். நேர்மையாக நிறுக்கிறவருக்கு, கணக்கு விளங்குகிற தொழிலாளியைவிட நல்ல துணை இல்லை. 1995-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தின்படி வியாபாரத் தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிட அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இருக்கிறது. கடைத் தராசில் அந்த முத்திரையைத் தேடிப் பார்ப்பதும் ஐந்தாம் தரத்துக்கு ஏற்ற பாடந்தான். இன்னொன்று, தசமத்துக்குக் காசை உதாரணம் காட்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. சதம் புழக்கத்திலிருந்தே போய்விட்டது, இன்றைய பிள்ளை சதத்தைக் கையில் வைத்துப் பார்த்ததில்லை. 18.4 கிலோ பெரிதா, 18.15 கிலோ பெரிதா என்று கேட்டால், 15 பெரிய எண் என்பதால் 18.15-ஐக் காட்டுகிற பிள்ளைகள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள். தராசில் 400 கிராமும் 150 கிராமும் வைத்துப் பார்த்த பிள்ளை அப்படிச் சொல்லாது.

பெற்றோர் சொல்கிற மறுப்பு இதைவிடக் கனமானது, அதை நான் மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் கொழுந்துக் கூடையைச் சுமப்பது பிள்ளை சுமக்கக் கூடாது என்பதற்காக, பாடசாலையிலும் அதே கொழுந்து, அதே தராசுதானா என்று அவர்கள் கேட்கிறார்கள். கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. 1907-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டங்களில் கல்வி கொடுக்கச் சொன்ன காலத்திலிருந்தே, தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்துக்குப் போதுமான படிப்பு என்ற எண்ணம் மேலே இருந்தவர்களிடம் இருந்தது. 1945-இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் ஏற்றது 1977-இல்தான். அந்த முப்பது ஆண்டு இடைவெளியின் வலி இன்னும் போகவில்லை. எனவே கொழுந்துக் கணக்கோடு பாடம் நின்றுவிட்டால் பெற்றோர் பக்கமே நியாயம். ஆனால் பழகிய பொருளில் தொடங்குவது அங்கேயே நிற்பதற்காக அல்ல. ஈரத்தைப் பிரித்து நிறுத்த பிள்ளைக்கு, நாளை ஆய்வுகூடத்தில் பாத்திரத்தின் திணிவைக் கழிப்பது புதிய பாடமாக இராது. தாதியாகப் போகிற பெண் மில்லிலீற்றரில் மருந்து அளக்க வேண்டும். கொழும்புக் கடையில் வேலைக்குச் சேர்கிற இளைஞனுக்கும் மேசனுக்கும் தையற்காரருக்கும் கண்ணளவு வேண்டும். காணி உரிமையைப் பற்றி மலையகம் பேசுகிற இந்தக் காலத்தில் பரப்பளவு எவ்வளவு தேவை என்பதைப் பாருங்கள். புதிய வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு ஆண்டுக்கணக்காக நடந்தது, பிறகு பத்துப் பேர்ச்சஸ் என்றானது. ஒரு பேர்ச்சஸ் 272¼ சதுர அடி, ஆகவே ஏழு பேர்ச்சஸ் ஏறத்தாழ 1900 சதுர அடி. பத்தடிக்குப் பன்னிரண்டடியான பழைய லயன் காம்பிரா 120 சதுர அடி. ஏழு பேர்ச்சஸில் அதுபோல ஏறத்தாழப் பதினாறு காம்பிராக்கள் அடங்கும். இதைக் கணித்துப் பார்க்கக்கூடிய பிள்ளை, வீட்டுக்கு வரும் கடிதத்தில் இருக்கும் எண்ணை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விளக்கிச் சொல்லும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது ஆசிரியர்களின் கவலை. வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று உடனே வராத பிள்ளைக்குக் கணிப்பும் வராது, ஆகவே மனப்பாடத்தைக் கைவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மனப்பாடத்துக்குப் போகிற நேரத்தில் ஒரு சிறு பங்கு போதும் என்பதற்குச் சான்று இருக்கிறது. சீக்லரும் கீதா ராமானியும் வறிய குடும்பங்களின் பாலர் வகுப்புப் பிள்ளைகளை 1 முதல் 10 வரை நேர்வரிசையில் எழுதிய பலகையில் காய் நகர்த்தி விளையாடவைத்தார்கள். இரண்டு வாரத்தில், மொத்தமாக ஒரு மணி நேரம் அளவு விளையாடியதிலேயே எண்ணறிவு தெளிவாக ஏறியது. எண்ணுக்குப் பதில் நிறம் எழுதிய பலகையில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நூறு கட்டப் பலகையில் நடந்த பிந்திய ஆய்வு ஒரு நுட்பத்தைக் காட்டியது. 46-இல் காய் இருந்து தாயத்தில் 2 விழுந்தால் 47, 48 என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்திய பிள்ளைகள் கற்றார்கள். ஒன்று, இரண்டு என்று சொல்லி நகர்த்தியவர்கள் அவ்வளவு கற்கவில்லை. பாம்பும் ஏணியும் விளையாடாத லயன் இல்லை. பிள்ளை மடுவத்தில் இருக்கிற நான்கு வயதுப் பிள்ளைக்கும் இதைச் செய்யலாம், ஒரு ரூபாவும் செலவில்லை.

கருவிகள் இல்லை, ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்துப் பார்க்கிறார் என்பதும் உண்மை. கருவிகளைப் பற்றிப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. கடதாசிக் கீற்று, கயிறு, போத்தல், தடி ஒன்றின் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்ட தராசு போதும். மழை நமக்கு இலவசமாக வருகிற கருவி. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூரை ஏறத்தாழ 11 சதுர மீற்றர், 20 மில்லிமீற்றர் மழையில் அதன்மேல் விழுவது 220 லீற்றர். தோட்டக் கந்தோரில் குறித்துவைக்கிற மழையளவைக் கேட்டு வாங்கி வகுப்பில் எழுதிவைத்தாலே ஒரு மாதத்துக் கணக்குக் கிடைக்கும். பல தரப் பிள்ளைகள் ஒன்றாக இருப்பது அளவைப் பாடத்துக்கு வசதியாகவே அமைகிறது. இரண்டாம் தரப் பிள்ளை சாணால் மேசையை அளக்கும்போது, ஐந்தாம் தரப் பிள்ளை அதே மேசையின் பரப்பளவைக் காணலாம், ஒருவர் அளந்ததை மற்றவர் சரிபார்க்கலாம். இன்னொரு சிக்கல் அலகுகள் கலந்து கிடப்பது. சட்டம் 1970-களிலேயே மெட்ரிக்குக்குப் போய்விட்டது. ஆனால் வீட்டில் அரிசிக்குச் சுண்டு, துணிக்கு முழம், காணிக்குப் பேர்ச்சஸ், பாணுக்கு இறாத்தல். இதைக் குழப்பம் என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தாதீர்கள். ஒரு இறாத்தல் 453.6 கிராம், ஒரு இறாத்தல் பாண் என்று விற்பதற்கு விதித்த நிறை 450 கிராம். கடையில் வாங்கிய பாணைத் தராசில் வைத்து, இந்த இரண்டு எண்ணுக்கும் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்கிற பிள்ளைக்கு அலகு மாற்றமும் அண்ணளவும் வித்தியாசமும் ஒரே காலையில் விளங்கிவிடும்.

இனி இரண்டு இடத்தில் மாற்றம் வேண்டும். ஒன்று ஆசிரியர் பயிற்சி. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களில், வருங்கால ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஒவ்வொருவரும் தன் கையால் அடிமட்டம் செய்து, தராசு செய்து, தன் கணிப்பு எவ்வளவு பிசகுகிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்த பிறகே வகுப்புக்குப் போக வேண்டும். அளக்கத் தயங்குகிற ஆசிரியர் கரும்பலகைக்குத் திரும்பிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. மற்றது தவணைப் பரீட்சை. எது பரீட்சைக்கு வருகிறதோ அதுதான் வகுப்பில் நடக்கும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். வலய மட்டத்தில் தயாரிக்கிற தவணை வினாத்தாளில், மூன்றாம் தரத்துக்கு 2-இலிருந்து 9 வரை கிடக்கிற பென்சிலின் படத்தைக் கொடுத்து நீளம் கேட்கலாம். நான்காம் தரத்துக்கு 398-உம் 403-உம் கூட்டிய விடை 7911 என்று போட்டுவிட்டு, கூட்டிப் பார்க்காமலே இது தவறு என்று எப்படிச் சொல்வாய் என்று இரண்டு வரி எழுதச் சொல்லலாம். ஐந்தாம் தரப் பிள்ளை ஒவ்வொன்றும் ஆசிரியரின் மேசைக்கு வந்து, ஒரு பையைக் கையில் தூக்கி, கணிப்பை எழுதி, பிறகு நிறுத்து, இரண்டு எண்களையும் விடைத்தாளில் பதிந்துவிட்டுப் போகட்டும். கணிப்பு நிறைக்குப் பக்கத்தில் இருந்தால் ஐந்து புள்ளி, தூரமாக இருந்தாலும் வித்தியாசத்தைச் சரியாகக் கண்டிருந்தால் மூன்று புள்ளி. அடுத்த தவணை வினாத்தாளை எழுதப்போகிற ஆசிரியர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள், ஆகவே இதை உங்களிடமே கேட்கிறேன்.